காணாமற்போன ஜிபி: போட்ட ரேம் முழுதும் கணினிக்குத் தெரியாமற் போவது ஏன்?

8 ஜிபி ரேம் என்று சொல்லி வாங்கிய லேப்டாப், வீட்டில் திறந்து பார்த்தால் ‘பயன்படுத்தத்தக்கது 5.9 ஜிபி’ என்கிறது. இரண்டு 8 ஜிபி ஸ்டிக் போட்ட மேசைக்கணினி 8 ஜிபியோடு நின்றுவிடுகிறது. பழைய விண்டோஸ் 7 கணினியில் 4 ஜிபி போட்டால் 3.25 மட்டும் தெரிகிறது. இந்த மூன்று பேரும் சர்வீஸ் கடைக்குப் போனால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “ரேம் போயிடுச்சு சார், மாத்திடலாம்.” மூன்றில் எதிலுமே ரேம் கெட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முதலாவது, கிராபிக்ஸ் எடுத்துக்கொண்ட பங்கு. மூன்றாவது, முகவரித் தட்டுப்பாடு. நடுவில் இருப்பது ஒன்றுதான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்க வேண்டிய கேஸ். அதிலும் குற்றவாளி ரேம்தான் என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்ட முடியாது.

எவ்வளவு குறைகிறது என்பதே காரணத்தைப் பாதி சொல்லிவிடும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். ஒரு முழு ஸ்டிக்கின் அளவு அப்படியே குறைந்தால் கோளாறு வன்பொருளில்: ஸ்டிக், ஸ்லாட், மதர்போர்டு, ப்ராசசர் ஆகியவற்றில் ஏதோ ஒன்று. ஒரு ஸ்டிக்கின் பின்னப் பகுதி குறைந்தால், அதாவது 8-இல் 2, 4-இல் முக்கால் என்று போனால், ரேம் நல்லபடியாக இருக்கிறது, அதன் ஒரு பகுதியை யாரோ ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். இந்த ஒரு பாகுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் கணினியைத் திறக்காமலேயே பல புகார்களைத் தீர்த்துவிடலாம்.

முதலில், ரேமை எண்ணுவது யார் என்று தெரிய வேண்டும். ஒவ்வொரு ஸ்டிக்கிலும் எஸ்பிடி என்ற குட்டிச் சிப் ஒன்று இருக்கிறது. ‘நான் இத்தனை ஜிபி, என் வேகம் இவ்வளவு, எனக்கு இத்தனை வோல்ட் வேண்டும்’ என்ற விவரம் அதில் எழுதப்பட்டிருக்கும். கணினியைப் போட்டதும் பயாஸ் அதைப் படித்து, நினைவகத்தைப் பழக்கப்படுத்தி, பிறகு ஒரு வரைபடம் தயாரிக்கிறது: இந்த முகவரியிலிருந்து இந்த முகவரி வரை ரேம், இது கிராபிக்ஸுக்கு, இது எனக்கே, இது தொடக் கூடாதது. பழைய பயாஸ் முறையில் இந்த வரைபடத்தைக் கேட்டு வாங்கும் அழைப்புக்கு ஈ820 என்று பெயர். விண்டோஸோ லினக்ஸோ அந்த வரைபடத்தை வாங்கிக்கொண்டு, தன் உரிமத்துக்கும் அமைப்புக்கும் உட்பட்ட அளவை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஆக, எண்ணுகிற இடங்கள் பல. ஒவ்வொன்றும் வேறு எண் சொல்லலாம், ஒவ்வொன்றும் உண்மையாகவும் இருக்கலாம்.

எனவே சோதனையும் அதே வரிசையில் போக வேண்டும். பயாஸ் திரையில் எத்தனை ஜிபி காட்டுகிறது என்று பாருங்கள். அங்கேயே குறைந்தால் விண்டோஸை மறுபடி நிறுவுவது வெட்டி வேலை. (இந்த வேலைக்கும் பணம் வாங்கும் கடைகள் உண்டு.) பயாஸில் முழு அளவும் தெரிந்து விண்டோஸில் குறைந்தால் ஸ்லாட்டைத் தொடவே வேண்டாம். விண்டோஸுக்குள் டாஸ்க் மேனேஜரின் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் ‘மெமரி’யைச் சொடுக்கினால் எத்தனை ஸ்லாட்டில் ரேம் இருக்கிறது, என்ன வேகம், ‘ஹார்டுவேர் ரிசர்வ்டு’ எவ்வளவு என்ற மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும். அந்தக் கடைசி எண்ணைப் பலரும் கவனிப்பதில்லை. பாதி மர்மம் அங்கேதான் எழுதியிருக்கிறது.

இந்தத் தொல்லை புதிதல்ல. தனிநபர் கணினி பிறந்த நாளிலிருந்தே கூட வருகிறது. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் 8088 ப்ராசசருக்கு முகவரிக் கம்பிகள் 20. இரண்டை இருபது முறை பெருக்கினால் 10,48,576. அதாவது 1 எம்பி. அந்த ஒரு எம்பியில் மேல்பகுதியான 384 கேபியைத் திரைக்கும் பயாஸுக்கும் துணை அட்டைகளுக்கும் ஒதுக்கி, மிச்சம் 640 கேபியை நிரல்களுக்கு விட்டார்கள். அந்தக் கோடு பின்னாளில் பெரிய சுவராகிவிட்டது. அதைத் தாண்ட 1985-இல் லோட்டஸ், இன்டெல், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து ‘எக்ஸ்பாண்டட் மெமரி’ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தன. டாஸ் காலத்தில் கணினி கற்றவர்களுக்கு ஹைமெம், இஎம்எம்386 என்ற பெயர்கள் நினைவிருக்கும். ஒரு விளையாட்டை ஓட்டுவதற்காக ‘கான்ஃபிக்’ கோப்பில் வரிகளை மேலும் கீழும் மாற்றிப் போட்ட தலைமுறை அது.

அடுத்த சுவர் 64 எம்பி. ரேம் எவ்வளவு என்று பயாஸைக் கேட்கும் பழைய அழைப்பு ஒன்று விடையை 16 பிட் எண்ணாக, கேபி கணக்கில் தந்தது. 16 பிட்டில் அடங்கும் பெரிய எண் 65,535. ஆகவே 128 எம்பி போட்டிருந்தாலும் 64-க்கு மேல் அதற்குச் சொல்ல வராது. தொண்ணூறுகளின் லினக்ஸ்காரர்கள் துவக்கக் கோப்பில் ரேமின் அளவைத் தாங்களே எழுதிக்கொடுத்துச் சமாளித்தார்கள். மேலே சொன்ன ஈ820 வந்த பிறகே இது தீர்ந்தது. அதே காலத்தில் இன்டெலின் 430டிஎக்ஸ் சிப்செட் வேறொரு வேடிக்கை காட்டியது: 64 எம்பிக்கு மேல் போட்டால் ரேம் தெரியும், ஆனால் கேஷ் எனும் வேக நினைவகம் அதை எட்டாது. ரேம் கூட்டியும் வேகம் குறைந்தது என்று அன்று புலம்பியவர்கள் பொய் சொல்லவில்லை. விண்டோஸ் 98-இல் 512 எம்பிக்கு மேல் ரேம் போட்டால் அதன் கோப்புக் கேஷ் அளவுக்கு மீறி வளர்ந்து, ‘நினைவகம் போதவில்லை’ என்று செய்தி வரும். ரேம் அதிகமானதால் ரேம் போதவில்லை!

இவையெல்லாம் சின்னச் சுவர்கள். பெரிய சுவர் 4 ஜிபி. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நம் ஊரில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணினிகளில் பல அதன் இந்தப் பக்கத்திலேயே நிற்கின்றன.

32 பிட் முகவரி என்றால் மொத்தம் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 முகவரிகள். அதுதான் 4 ஜிபி. 4 ஜிபி ரேம் போட்டால் கணக்கு கச்சிதமாகப் பொருந்தத்தானே வேண்டும்? பொருந்தாது. முகவரி ரேமுக்கு மட்டும் உரியதல்ல. கிராபிக்ஸ் அட்டை, நெட்வொர்க் அட்டை, ஒலி அட்டை, பயாஸ் சிப் எல்லாவற்றையும் ப்ராசசர் முகவரி கொண்டுதான் அணுகுகிறது. ஒரு தெருவுக்கு மாநகராட்சி நூறு கதவு எண்களே கொடுத்திருக்கிறது, அதில் இருபதை ரேஷன் கடைக்கும் மின்வாரிய அலுவலகத்துக்கும் எடுத்துவிட்டார்கள் என்றால், அங்கே நூறு வீடு கட்டினாலும் எண்பது வீட்டுக்குத்தான் தபால் வரும். மிச்ச இருபது வீடும் இடிந்துவிடவில்லை, எண் இல்லாமல் நிற்கின்றன. 4 ஜிபிக்குக் கீழே மேல்நுனியில் இந்தச் சாதனங்களுக்கான முகவரிகள் உட்கார்ந்திருப்பதால் ரேமின் அந்தப் பகுதி மறைந்துபோகிறது. 3.5, 3.25, 2.9 என்று கணினிக்குக் கணினி எண் மாறுவதற்குக் காரணம், எந்தெந்த அட்டை எவ்வளவு இடம் கேட்கிறது என்பதுதான். தலா 1 ஜிபி நினைவகம் கொண்ட இரண்டு கிராபிக்ஸ் அட்டை இருந்த ஒரு 4 ஜிபி விளையாட்டு லேப்டாப்பில் 2 ஜிபிக்குச் சற்று மேலேதான் விண்டோஸுக்குக் கிடைத்தது என்று மார்க் ருசினோவிச் 2008-இல் எழுதிய கட்டுரையில் எடுத்துக்காட்டினார். விண்டோஸின் உள்ளமைப்பை அவரைவிடத் தெளிவாக விளக்கியவர்கள் குறைவு.

இங்கே கூர்மையான வாசகர் ஒரு கேள்வி கேட்பார். 1995-இல் வந்த பென்டியம் ப்ரோவிலேயே பிஏஈ என்ற ஏற்பாடு இருந்ததே? ஆம். 36 பிட் முகவரி, 64 ஜிபி வரை எட்டும். 32 பிட் விண்டோஸ் சர்வர் 2003-இன் எண்டர்பிரைஸ் பதிப்பு அந்த வழியில்தான் 4 ஜிபியைத் தாண்டியது. 32 பிட் லினக்ஸும் பிஏஈ கெர்னல் கொண்டு தாண்டியது. அப்படியானால் விண்டோஸ் எக்ஸ்பிக்கு மட்டும் என்ன தடை? 2004-இன் சர்வீஸ் பேக் 2-இல், வைரஸ் தடுப்புக்கான ஒரு வசதிக்காக எக்ஸ்பியிலும் பிஏஈயை இயக்கினார்கள். ஆனால் 4 ஜிபிக்கு மேற்பட்ட முகவரியை வேண்டுமென்றே அடைத்து வைத்தார்கள். வீட்டுக் கணினிக்கான ட்ரைவர்களை எழுதியவர்கள் முகவரி 32 பிட்தான் என்று நம்பி எழுதியிருந்ததால், மேலே திறந்துவிட்டால் கணினி விழுந்துவிடும் என்ற அச்சம். மைக்ரோசாஃப்ட் வியாபாரத்துக்காகச் செய்த சூழ்ச்சி என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. அந்தக் காலத்து மலிவான டிவி டியூனர், வெப்கேம் ட்ரைவர்களோடு மல்லுக்கட்டியவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அந்த அடைப்பை உடைக்கும் பேட்ச் என்று கெர்னல் கோப்பையே மாற்றும் சில நிரல்கள் இன்றும் சுற்றுகின்றன. அவற்றைத் தொடாதீர்கள். 64 பிட் விண்டோஸ் கிடைக்கும்போது அந்தச் சாகசத்துக்கு அவசியமே இல்லை.

64 பிட் விண்டோஸ் போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? சிப்செட்டும் ஒத்துழைக்க வேண்டும். இன்டெலின் 945 சிப்செட் குடும்பம் மொத்தம் 4 ஜிபி முகவரியோடு நின்றுவிடும். மறைந்த ரேமை 4 ஜிபிக்கு மேலே தூக்கி வைக்க அதற்கு வழியில்லை. அந்தப் போர்டில் 64 பிட் விண்டோஸோ லினக்ஸோ எது போட்டாலும் 3.2 ஜிபி அளவிலேயே நிற்கும். 2006-இல் வந்த 965 குடும்பம்தான் அதை 8 ஜிபிக்கு உயர்த்தி, மறைந்த பகுதியை மேலே தூக்கி வைக்கும் வசதியையும் தந்தது. பயாஸில் அதற்கு ‘மெமரி ரீமேப்’ என்று பெயர். சில போர்டுகளில் அது அணைத்த நிலையிலேயே வரும். 64 பிட் விண்டோஸ், 4 ஜிபி ரேம், தெரிவதோ 3.2 என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். மதர்போர்டின் பாட்டரியை மாற்றியபோது பயாஸ் அமைப்பு அழிந்து, இந்த ஒரு வரி மட்டும் பழைய நிலைக்குப் போய்விட்ட கணினிகளும் உண்டு.

ஒரு சின்ன வேடிக்கை. விஸ்டா வெளியானபோது பயன்படுத்த முடிந்த அளவை மட்டும்தான் காட்டியது. ‘4 ஜிபி போட்டேன், 3.2 காட்டுகிறதே’ என்ற புகார் குவிந்தது. 2008-இன் சர்வீஸ் பேக் 1-இல் பொருத்தப்பட்ட அளவைக் காட்டும்படி அதை மாற்றினார்கள். ரேம் ஒரு பைட்கூடக் கூடவில்லை, புகார் குறைந்தது. விண்டோஸ் 7-இல்தான் இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும் நேர்மை வந்தது.

உரிமம் போட்ட எல்லை வேறு. இதற்கும் தொழில்நுட்பத்துக்கும் சம்பந்தம் இல்லை, விலைக்கேற்ற வரம்பு அவ்வளவுதான். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 2 ஜிபிக்கு மேல் தொடாது. இந்தியாவில் நிறைய விற்ற ஹோம் பேசிக், 64 பிட்டாக இருந்தாலும் 8 ஜிபியோடு நின்றது, ஹோம் ப்ரீமியம் 16, ப்ரொஃபஷனலுக்கு 192. விண்டோஸ் 10 ஹோம் 128 ஜிபி வரை போவதால் இன்று இந்த எல்லையில் யாரும் இடித்துக்கொள்வதில்லை. பழைய ஹோம் பேசிக் கணினியில் 16 ஜிபி போட்டு 8 மட்டும் தெரிந்தால் இதை நினைவில் கொள்ளுங்கள். ஒரு முழு ஸ்டிக் காணாமற்போனது போலவே தோற்றம் தரும், வீட்டுக் கணினிகளில் நான் முதலில் சொன்ன பாகுபாட்டுக்கு விலக்கான ஒரே இடம் இதுதான் என்று சொல்லலாம். பயாஸில் 16 தெரிகிறதா என்று பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இன்றைய கணினிகளில் அதிகம் பேரைக் குழப்புவது கிராபிக்ஸ் பங்குதான். தனிக் கிராபிக்ஸ் அட்டை இல்லாத கணினியில், ப்ராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் பகுதி ரேமிலிருந்தே இடம் எடுத்துக்கொள்ள வேண்டும். இன்டெல் பெரும்பாலும் கொஞ்சத்தை மட்டும் நிரந்தரமாக ஒதுக்கிவிட்டு, மீதியைத் தேவைப்படும்போது விண்டோஸிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறது. அதனால் 8-இல் 7.8, 7.7 என்று தெரியும், யாரும் கவலைப்படுவதில்லை. ஏஎம்டி ரைசன் லேப்டாப்புகளில் தயாரிப்பாளர் தொடக்கத்திலேயே பெரிய துண்டாக வெட்டி வைத்துவிடுவது வழக்கம். 512 எம்பி வெட்டினால் 7.4 ஜிபி அளவில் தெரியும். 2 ஜிபி வெட்டினால் 5.9. விளையாடுபவருக்கு அது தேவைதான். டேலியும் பிரவுசருமாக வேலை செய்கிற அலுவலகத்துக்கு அந்த 2 ஜிபி வீண். பயாஸில் ‘யுஎம்ஏ ஃப்ரேம் பஃபர்’ என்ற வரி இருந்தால் அதைக் குறைத்து வைக்கலாம். பல லேப்டாப் நிறுவனங்கள் அந்த வரியையே மறைத்துவிடுகின்றன. வாங்கியவர் தன் ரேமைத் தான் விரும்பியபடி பங்கிட முடியாமல் பூட்டி வைப்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. அப்படிப் பூட்டிய லேப்டாப்பில் இன்னொரு ஸ்டிக் சேர்ப்பதே வழி.

விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் இன்னொரு பொறியைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். எம்எஸ்கான்ஃபிக் என்று தட்டினால் வரும் சாளரத்தில் ‘பூட்’ பகுதி, அதில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’, அதற்குள் ‘மேக்ஸிமம் மெமரி’ என்ற கட்டம். கணினி வேகமாக வேண்டுமானால் அந்தக் கட்டத்தை டிக் செய்து முழு ரேம் அளவை எழுதுங்கள் என்று காணொளிகளில் சொல்கிறார்கள். இதைவிடத் தவறான யோசனை இல்லை. அந்தக் கட்டம் ரேமைக் கூட்டுவதற்கு அல்ல, குறைத்துச் சோதிப்பதற்கு. அதிலும் அது எண்ணுவது ரேமின் அளவை அல்ல, முகவரியை. 8 ஜிபி கணினியில் 8192 என்று எழுதினால், முகவரி 8 ஜிபியைத் தாண்டிய எதையும் தொடாதே என்று விண்டோஸ் புரிந்துகொள்ளும். 4 ஜிபிக்குக் கீழே சாதனங்களுக்கு இடம்விட்டு, அங்கிருந்த ரேமை மேலே தூக்கி வைத்திருக்கிறோமே, அந்த ரேம் 8 ஜிபி முகவரிக்கு அப்பால்தான் இருக்கிறது. ஆக, சரியான எண்ணை எழுதியவருக்கும் ஒன்றோ இரண்டோ ஜிபி பறிபோகும். தவறாக எழுதியவர் பாடு இன்னும் மோசம். பயாஸில் முழுதாகத் தெரிந்து, ‘ஹார்டுவேர் ரிசர்வ்டு’ மட்டும் காரணமில்லாமல் பெருத்திருந்தால் முதலில் இந்தக் கட்டத்தின் டிக்கை எடுத்துவிட்டு, கணினியை மறுபடி துவக்கிப் பாருங்கள்.

இனி பயாஸிலேயே குறைகிற கேஸ்கள். ஸ்டிக் சரியாக உட்காராததுதான் இதில் மிகச் சாதாரணமான காரணம். டிடிஆர்4 ஸ்டிக்குக்கு 288 தொடுமுனைகள். ஒரு பக்கக் கிளிப் மட்டும் கொண்ட ஸ்லாட்டுகளில், கிளிப் இல்லாத முனை அரை மில்லிமீட்டர் தூக்கி நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. கழற்றி, தொடுமுனைகளைத் துடைத்து, இரண்டு முனையிலும் சமமாக அழுத்திப் போட வேண்டும். பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்ப்பது நம் சர்வீஸ் கடைகளின் கைவைத்தியம். மென்மையான வெள்ளை ரப்பர் என்றால் பரவாயில்லை. பேனா மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பரால் தேய்த்தால் மெல்லிய தங்க முலாமே போய்விடும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த துணி இரண்டையும்விட நல்லது.

அதற்குப் பிறகு மாற்றிப் போடும் சோதனை. ஸ்டிக் ஒன்றை மட்டும் முதல் ஸ்லாட்டில் வைத்துத் துவக்குங்கள். பிறகு அதே ஸ்லாட்டில் இரண்டாவது ஸ்டிக். பிறகு நல்ல ஸ்டிக்கை இன்னொரு ஸ்லாட்டில். எந்த ஸ்டிக் எங்கே போட்டாலும் தெரியவில்லை என்றால் ஸ்டிக் கோளாறு. எந்த ஸ்டிக் போட்டாலும் ஒரு குறிப்பிட்ட ஸ்லாட் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் ஸ்டிக் மீது பழி இல்லை. எளிய தர்க்கம்தான். ஆனால் இதைச் செய்யாமலேயே புது ரேமுக்கு பில் போடுகிறார்கள்.

ஸ்லாட் வேலை செய்யவில்லை என்றால் மதர்போர்டைக் குறை சொல்வதற்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டும். ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதி ஒரு காலத்தில் மதர்போர்டின் சிப்செட்டில் இருந்தது. ஏஎம்டி அதை 2003-இல் அத்லான் 64-இல் ப்ராசசருக்குள் கொண்டுபோனது. மேசைக்கணினிகளில் இன்டெல் 2008-இல் முதல் கோர் ஐ7-இல் பின்தொடர்ந்தது. அன்றிலிருந்து ரேம் கம்பிகள் நேரே ப்ராசசரின் சாக்கெட்டுக்குப் போகின்றன. இன்டெலின் சாக்கெட்டில் மயிரிழை போன்ற ஊசிகள் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. அதில் ஒன்று வளைந்தால் ஒரு சேனல் முழுதும், அதாவது அந்தப் பக்கத்து ஸ்லாட்டுகள் எல்லாம் இறந்துபோகும். எனக்குத் தெரிந்த ஒரு டிடிபி கடையில் இதுதான் நடந்தது. கோடையில் சூடு தாங்காமல் ப்ராசசர் மேலிருக்கும் விசிறியைக் கழற்றி, புதுப் பேஸ்ட் தடவி மாட்டினார்கள். மாட்டியதிலிருந்து 16 ஜிபி, 8 ஆகிவிட்டது. இரண்டு ஸ்டிக்குகளும் தனித்தனியே முதல் ஸ்லாட்டில் ஓடின, இரண்டாவதில் இரண்டும் ஓடவில்லை. ஸ்லாட் போய்விட்டது, போர்டை மாற்ற வேண்டும் என்றார்கள். இன்னொருவர் வந்து விசிறியின் நான்கு ஸ்க்ரூக்களையும் தளர்த்தி, மூலைவிட்டமாக ஒரே அளவில் முடுக்கினார். 16 திரும்பி வந்தது. ஒரு பக்கம் அதிகம் முடுக்கியதில் ப்ராசசர் சற்றே சாய்ந்து, சில ஊசிகளின் தொடுகை விட்டுப்போயிருந்தது. ரேம் குறைகிறது என்று வந்தால் ‘சமீபத்தில் எதைக் கழற்றினீர்கள்?’ என்று கேட்பது நல்ல மெக்கானிக்கின் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டு ஸ்டிக்கை எங்கே போடுவது என்பதிலும் பலர் தவறுகிறார்கள். பெரும்பாலான போர்டுகளில் ப்ராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும்தான் முதலில் நிரப்ப வேண்டியவை. வேறு இடத்தில் போட்டாலும் பல வேளை ஓடிவிடும், வேகம் குறையும். வேகமான ஸ்டிக்குகள் என்றால் ஒன்று தெரியாமலும் போகலாம். போர்டோடு வந்த கையேட்டில் இதற்கென்றே படம் போட்ட பக்கம் இருக்கும்.

பொருந்தாத ரேம் இன்னொரு வகை. டிடிஆர்3-ஐ டிடிஆர்4 ஸ்லாட்டில் நுழைக்க முடியாது, நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். ஆனால் ஒரே தலைமுறைக்குள்ளேயே நுழைந்தும் ஓடாத ரேம் உண்டு. 1.35 வோல்ட் டிடிஆர்3எல் மட்டுமே ஏற்கும் நான்காம் தலைமுறை இன்டெல் லேப்டாப்பில் பழைய 1.5 வோல்ட் டிடிஆர்3 ஸ்டிக்கைப் போட்டால் கணினி துவங்காமலே நிற்கும். ஒரே ஸ்டிக்கில் 16 ஜிபி கொண்ட டிடிஆர்3-ஐ அந்தத் தலைமுறை வரையிலான இன்டெல் ப்ராசசர்கள் ஏற்பதில்லை. சிப் ஒன்றுக்கு 8 ஜிகாபிட் என்ற அடர்த்தி அவற்றின் கட்டுப்பாட்டகத்துக்குத் தெரியாது. மலிவு விலையில் வரும் 4 ஜிபி டிடிஆர்2 ஸ்டிக்குகளில் ‘ஏஎம்டிக்கு மட்டும்’ என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அதில் உள்ள சிப் அமைப்பை அந்தக் கால இன்டெல் போர்டுகளால் படிக்க முடியாது. சென்னை ரிச்சி தெருவிலோ இணையத்திலோ பழைய கணினிக்கு ரேம் தேடுபவர்கள் அந்த வரியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேட வேண்டும். புதியவற்றிலும் இது தொடர்கிறது. 2023-இல் வந்த 24, 48 ஜிபி டிடிஆர்5 ஸ்டிக்குகளை, பயாஸைப் புதுப்பித்த பிறகே பல போர்டுகள் ஏற்றன.

டிடிஆர்5 பற்றி ஒரு எச்சரிக்கை. புது ஸ்டிக் போட்டதும் பயாஸ் அதைப் பழக்கப்படுத்தச் சில நிமிடங்கள்கூட எடுத்துக்கொள்ளும், அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். ரேம் செத்துவிட்டது என்று அவசரப்பட்டு மின்சாரத்தை நிறுத்துபவர்கள் அந்த வேலையை நடுவிலேயே கெடுத்துவிடுகிறார்கள். ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள்.

சர்வர்களில் விதிகள் வேறு. இரண்டு ப்ராசசர் சாக்கெட் உள்ள போர்டில் ஒரே ப்ராசசர் இருந்தால் மற்றதன் பக்கத்து ஸ்லாட்டுகள் வேலை செய்யாது. ‘மெமரி மிரரிங்’ போட்டிருந்தால் ஒவ்வொரு தகவலும் இரண்டு இடத்தில் எழுதப்படுவதால் பாதி அளவே தெரியும், அது கோளாறே அல்ல. லினக்ஸில் ‘ஃப்ரீ’ கட்டளை காட்டும் அளவு போட்ட அளவைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும், கெர்னல் தனக்கென எடுத்துக்கொண்டதை அது கழித்துவிடும். எந்த ஸ்லாட்டில் என்ன இருக்கிறது என்று அறிய ‘டிஎம்ஐடிகோட்’ கட்டளை இருக்கிறது.

இல்லாததை இருப்பதாகக் காட்டும் எதிர்த்திசைக் கதையும் உண்டு. 1995-இல் சிங்க்ரோனிஸ் என்ற நிறுவனம் சாஃப்ட்ராம்95 என்ற மென்பொருளை விற்றது. ரேமை இரட்டிப்பாக்கும் என்பது விளம்பரம். திரையில் எண்கள் கூடின, ரேம் கூடவில்லை. அமெரிக்காவின் வணிக ஆணையமான எஃப்டிசி தலையிட, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. இன்று ‘16 ஜிபி ரேம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே 8+8 என்று சிறிதாக அச்சிடும் கைபேசி விளம்பரங்களைப் பார்க்கும்போது அந்த மென்பொருள்தான் நினைவுக்கு வருகிறது. இரண்டாவது 8, சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்கியது. ரேமின் வேகத்துக்கு அது பக்கத்தில்கூட வராது.

எல்லாம் பார்த்தும் ஸ்டிக் மீதே சந்தேகம் நிலைத்தால் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நிரலைப் பென்டிரைவிலிருந்து துவக்கி இரவு முழுவதும் ஓடவிடுங்கள். ஒரு பிழை வந்தாலும் அந்த ஸ்டிக்கை நம்பக் கூடாது. பெயர் பெற்ற நிறுவனங்களின் ரேம் பலவற்றுக்கு நீண்டகால, சிலவற்றுக்கு வாழ்நாள் உத்தரவாதமே இருக்கிறது. பில் இருந்தால் புதுசுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

கடையில் ‘ரேம் போயிடுச்சு’ என்று சொன்னால் கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்த ஸ்டிக்கை உங்கள் கண்ணெதிரே இன்னொரு கணினியில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அங்கும் தெரியவில்லை என்றால் புதுசு வாங்குங்கள். தெரிந்தால் ஸ்டிக்கை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, கணினியையும் எடுத்துக்கொண்டு வேறு கடை பாருங்கள்.